காய்ச்சல் விட்ட பிறகு

இன்று தாதியியலில் பட்டம் பெறும் பிள்ளைகளே,

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் டெங்கு பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உயிர்கள் போயின, பாடசாலைகளைக்கூட மூட வேண்டி வந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள்.

டெங்குக் காய்ச்சலின் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. பிள்ளையின் உடம்பு குளிர்ந்ததும், "மிஸ், காய்ச்சல் விட்டுட்டுது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?" என்று தாய் கேட்பார். குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவது அந்த வேளையில்தான். 24 முதல் 48 மணித்தியாலம் வரை அது நீடிக்கும். குருதி அமுக்கம் 100/80 என்று வருகிறது. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 20ஆகச் சுருங்கிவிட்டதைக் கவனிப்பவருக்கோ, அதிர்ச்சி நிலை வாசலில் நிற்பது தெரியும். சேலைன் குறைந்தால் பிள்ளை அதிர்ச்சிக்குள் போகும். கூடினாலோ, கசிந்த திரவம் திரும்பி வரும் நேரத்தில் மூச்சுத் திணறும். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு அடுத்த விடுதிக்குப் போவார். மணிக்கு மணி சிறுநீரை அளந்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்ப வேண்டுமா என்று தீர்மானிப்பவர் தாதி.

இந்தத் தீர்மானத்துக்குப் படிப்பு வேண்டும். "ஊசி போட இவ்வளவு படிப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் அந்த விடுதியில் ஓரிரவு இருந்து பார்க்கட்டும்.

2014இல் 'லான்செட்' இதழில் லிண்டா எய்கன் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 300 வைத்தியசாலைகளில், சத்திரசிகிச்சை பெற்ற 420,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தார்கள். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடிய இடத்தில், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறியிருந்தது. இந்த இரண்டாவது எண்ணை நிர்வாகத்தில் இருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. படித்த தாதி ஒருவரை நியமித்துவிட்டு இருவரின் வேலையை அவர் தலையில் கட்டினால், படிப்பின் பயன் அங்கேயே கரைந்துபோகும்.

எனக்கு ஒரு கவலை உண்டு, அதையும் சொல்கிறேன். நம்மிடம் மேற்படிப்பு பெரும்பாலும் தாதியைக் கட்டிலருகிலிருந்து எடுத்துவிடுகிறது. படித்தவர் விரிவுரைக்குப் போகிறார், அலுவலகத்துக்குப் போகிறார், விமானம் ஏறுகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் முதுகலை முடித்த ஒருவர் மூதூரிலோ புல்மோட்டையிலோ நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே பதவியிலும் சம்பளத்திலும் உயர வழி வேண்டும். அந்த வழி இல்லாதவரை, படிக்கச் சொல்வது பாதி உபதேசம்தான்.

ஆகவே சான்றிதழுக்காகப் படிக்காதீர்கள். உங்கள் விடுதி எதைக் கேட்கிறதோ அதைப் படியுங்கள். பதவி சிறிபுரப் பக்கத்து விவசாயிகள் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோயோடு வருகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள டயலிசிஸ் பயிற்சி வேண்டும், சிங்களமும் வேண்டும். நோவு எங்கே, எப்படி என்று ஒரு மனிதர் தன் மொழியில் சொல்லும்போது புரிந்துகொள்வதை நான் மேற்படிப்பாகவே எண்ணுகிறேன். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ பணிக்கு வரும் சிங்களத் தாதியர் தமிழ் கற்பதும் அப்படித்தான். மூன்று இனத்தாரும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கும் மாவட்டம் இது.

டிப்ளோமாவோடு நெடுங்காலம் பணியாற்றிய மூத்தவர்களை இந்தப் பட்டத்தைக் காட்டித் தாழ்த்திப் பேசாதீர்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று சொல்லும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. அவர்களும் படிக்க விரும்பினால் துணை நில்லுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாதியியல் பட்டப்படிப்பு 1946இலேயே தொடங்கிவிட்டது. நம் நாட்டில், பணியில் இருக்கும் தாதியருக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அந்தக் கதவைத் திறந்தது 1994இல்தான். இரவுப் பணி முடித்து, பிள்ளைக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, தூக்கத்தைத் தள்ளிவைத்துப் பாடம் படித்த பெண்களை எனக்குத் தெரியும்.

பெற்றோரிடமும் கணவன்மாரிடமும் கேட்கிறேன்: உங்கள் வீட்டுத் தாதி புத்தகத்தை எடுக்கும் நேரத்தில் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிகளுக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்த மாத டியூட்டி ரோஸ்டர் போடும் முன் யாருக்கு எந்த நாளில் வகுப்பு, எந்த நாளில் பரீட்சை என்று கேட்டு, அந்த நாட்களை முதலில் குறித்துவிடுங்கள்.