பேரரசி பொறுத்திருந்த பதினோரு ஆண்டுகள்



1762-இல் ரஷ்ய அரியணை ஏறிய கையோடு இரண்டாம் கேத்தரின் பாரிசுக்கு ஓர் அழைப்பு அனுப்பினார். அது தத்துவ அறிஞர் தெனி திதரோவுக்கு. அவர் பதிப்பித்துவந்த கலைக்களஞ்சியத்தின் உரிமத்தை 1759-இல் பிரெஞ்சு அரசு பறித்திருந்தது. மிச்ச வேலையை ரஷ்யாவில் முடித்துக்கொள்ளலாம் என்றார் பேரரசி.

திதரோ கிளம்பவில்லை. பதிப்பாளர்கள் முதல் போட்டிருந்தார்கள், சந்தாதாரர்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள். அவர்களை நட்டாற்றில் விட அவருக்கு மனமில்லை. 17 உரைத் தொகுதிகளின் அச்சுவேலை 1765-இல் முடிந்தது. படத் தொகுதிகளோ 1772 வரை இழுத்தன.

இதற்கிடையே மகளின் கல்யாணச் செலவுக்காகத் தம் நூலகத்தையே விற்க முன்வந்தார். கேத்தரின் அதை 15,000 லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வாங்கினார். புத்தகங்களை அவரிடமே விட்டுவைத்து, ஆண்டுக்கு 1,000 லிவ்ர் சம்பளத்தில் அவரையே நூலகராக்கினார். மறு ஆண்டு சம்பளம் வந்து சேரவில்லை. அரசியின் அலுவலர் பெத்ஸ்கோயிடமிருந்து கடிதம் வந்தது: இனி அப்படி நேராதபடி, 50 ஆண்டுச் சம்பளமும் முன்கூட்டியே!

இவ்வளவுக்குப் பிறகும் போகாமலிருக்க முடியுமா? ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்கில் இருந்த சிற்பி ஃபால்கோனேக்கு நீண்ட கடிதங்களில் காரணம் அடுக்கினார் திதரோ. கை நிறைய வேலை, வீடு, வளரும் மகள். வருவேன் என்ற பேச்சை மட்டும் அவர் கைவிடவில்லை.

இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் கையில் நியமனக் கடிதம் இருக்கும். பாதியில் நிற்கும் ஆய்வும் இருக்கும். திதரோவின் கணக்கில் முதலிடம் ஒப்புக்கொண்ட வேலைக்கு. படத் தொகுதிகள் முடிந்து, மகளுக்கும் மணமான பிறகே, 1773-இல் பயணம் புறப்பட்டார். அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தபோது வயது 60.

பிற்பகல்களில் அரசியோடு தனியே உரையாடல். கல்வி, சட்டம், அரசாட்சி என்று குறிப்புகள் எழுதி எடுத்துப் போவார். 1774 மார்ச்சில் விடைபெற்றார். திரும்பும் வழியில் ஹேகில் தங்கி, கேத்தரின் வகுத்த சட்ட நெறிமுறைகளை விமர்சித்து எழுதினார். உண்மையான இறையாண்மை மக்களுடையது என்பதுதான் அதன் தொடக்கமே. வாங்கிய லிவ்ர்கள் பேனாவைத் தடுக்கவில்லை.

1784-இல் திதரோ மறைந்தார். மறு ஆண்டு நூலகமும் கையெழுத்துப் படிகளும் ரஷ்யா போய்ச் சேர்ந்தன. அந்த விமர்சனம் அப்போதுதான் கேத்தரின் கண்ணில் பட்டது. வெறும் பிதற்றல் என்று எரிச்சலோடு நண்பர் கிரிமுக்கு எழுதினார்.