இருவர் உறங்க, இருவர் விழித்திருக்க

(வெள்ளி விழாவின்போது பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் ஆற்றிய உரை)

 

விழா மேடைகளில் கல்லூரிப் படிப்பைப் பற்றியும் அரசுப் பணியைப் பற்றியும் பேசுவது வழக்கம். நானோ ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த வயதில் வேரூன்றாத தன்மானம், இருபது வயதில் ஒரு பட்டத்தால் மட்டும் வந்துவிடாது என்பது ஆசிரியனாக இருந்து நான் கண்ட உண்மை.

மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்த ஒரு ஜூன் மாதம். பள்ளிக்குப் போகும் வழியில், மதகருகே நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தனியே நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளை அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்ற அண்ணன், இரண்டாம் வகுப்புப் பையன், பாதியில் கையை உதறிவிட்டு ஓடியிருந்தான். காரணம் என்ன? “தங்கச்சியைத் தூக்கிச் சுமக்கிற ஆயா வந்துட்டான்” என்று கூட்டாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

அன்று மாலை நடவு முடிந்து வந்த அந்தத் தாய், மகனை அடிக்கவில்லை. அருகில் உட்காரவைத்து, “நீ கையை விட்டதும் பாப்பா எங்கப்பா நின்னா?” என்று கேட்டார். “மதகுகிட்ட.” “வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு போச்சு?” பையன் அழுதுவிட்டான். “நாளைக்கும் சிரிப்பாங்களே, என்ன சொல்லுவே?” என்று கேட்டு, விடையையும் அவனையே கண்டுபிடிக்க வைத்தார்: “என் தங்கச்சி. நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்.” அதைப் பத்து முறை உரக்கச் சொல்லப் பழக்கினார். எழுத்தறியாத அந்தத் தாயிடம் அன்று நான் பாடம் கற்றேன்.

தோழர்களே, கூட்டாளிகளுக்கு அஞ்சுவதும் உடன்பிறந்தவளைக் கைவிடுவதும் இரண்டு குற்றங்களல்ல. ஒரே வேரின் இரண்டு கிளைகள். தன்னைத் தாழ்வாக நினைக்கும் பிள்ளைதான் பிறர் சிரிப்புக்கு அஞ்சும். அஞ்சிய பிள்ளைதான் தன்னினும் சிறியதன்மேல் பாயும்.

இது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. 1952ஆம் ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், சவுக்கடியும் சாணிப்பாலும் நம் பாட்டனார்களுக்குத் தண்டனையாக இருந்ததை அறிவீர்கள். வயலில் அவமானப்பட்டவர் வீட்டில் மனைவியை ஏசினார். மனைவி மூத்தவனை அடித்தாள். மூத்தவன் இளையவளைக் கிள்ளினான். காவிரித் தண்ணீருக்குக் கடைமடையில் காத்துக் கிடக்கிறோம். அவமானம் மட்டும் முறை வைக்காமலே கடைமடை வரை பாய்ந்துவிடுகிறது! அதை வீட்டு வாசலிலேயே அடைக்க வேண்டாமா?

அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். 1901ஆம் ஆண்டு. அவரும் அண்ணனும் மூத்த அக்காவின் மக்கள் இருவரும் தந்தையைக் காணப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்றிச்செல்ல மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி தருவதாகவும், வண்டியைத் தாங்களே ஓட்டுவதாகவும் சொன்ன பிறகே ஒரு வண்டி கிடைத்தது. கையில் உணவிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், அன்றிரவு பசியோடு படுத்தார்கள். அப்போது அண்ணன் சொன்ன யோசனை இது: நால்வரும் ஒருசேர உறங்க வேண்டாம், இருவர் உறங்க, இருவர் விழித்திருக்கட்டும்.

ஊரே கைவிட்ட இரவில் அந்தப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழவில்லை, ஒருவரையொருவர் காத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த கதை உண்டா?

இன்று கூட்டாளிகளின் வற்புறுத்தல் சிரிப்போடு நிற்பதில்லை. போதைப்பாக்கு கைமாறுகிறது. சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டச் சொல்லிக் கூட்டம் சேர்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன்பயின்ற மாணவர்களே நம் இனத்து மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. வெட்டிய கைகளும் ஒரு காலத்தில் ஆறு வயதுக் கைகள்தாமே? “வேண்டாம்” என்று சொல்ல அவற்றுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பதிலுக்கு நம் பிள்ளைகளும் ஒரு நிறக் கயிற்றைத் தேடுவார்களானால், அண்ணலின் பெயரைச் சொல்லும் தகுதியை நாம் இழப்போம்.

ஆகவே பெற்றோர்க்கு நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று: “அவனைப் பார், நீயும் இருக்கிறாயே” என்று ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு அளவுகோலாக்காதீர்கள். அன்றே உடன்பிறந்தவர் பகையாகிவிடுகிறார்.

இரண்டு: எப்போதும் மூத்ததையே விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். இருவர் வழக்கையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வீட்டில் நியாயம் கண்ட பிள்ளைதான் வெளியில் நியாயம் கேட்கும்.

மூன்று: நடவுக்கும் அறுப்புக்கும் நீங்கள் போகையில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். தம்பி தங்கையரிடம் அன்பு என்பது அக்காவின் படிப்பைப் பலிகொடுப்பதன்று. ஆண்பிள்ளையும் தம்பிக்குச் சோறூட்டட்டும்; அதில் இழிவில்லை.

நான்கு: தவறு செய்துவிட்டு உண்மையைச் சொல்ல வரும் பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் நாளை அது கூட்டாளிகளிடம் மட்டுமே பேசும்.

இளைஞர்களே! மாலை வகுப்புக்கு வரும் சிறுவர்களுக்கு அண்ணன்மார் நீங்கள், அக்காமார் நீங்கள். உங்கள் கையில் கயிறு இருந்தால் அவர்கள் கையிலும் ஏறும். உங்கள் கையில் புத்தகம் இருந்தால் அதுவும் ஏறும்.

அந்தப் பையன் மறுநாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டே மதகைக் கடந்தான். கூட்டாளிகள் சிரித்தார்கள். பழகிய விடையை அவன் சொன்னான். குரல் நடுங்கியது, ஆனாலும் கையை விடவில்லை. நம் சங்கம் இனிமேல் செய்யவேண்டிய பணியும் அதுவே: சிரிப்பவர் சிரிக்கட்டும், பிடித்த கையை விடாதிருப்போம்.