மகப்பேறு ஊரில் ஒரு சொல்



மகப்பேறு என்ற சொல்தான் மருவி இந்த ஊர் முகப்பேர் ஆயிற்று என்பார்கள் நம் பெரியவர்கள். பிள்ளை வரம் கேட்டு இன்றைக்கும் இங்கே சந்தான சீனிவாசப் பெருமாள் சன்னிதிக்கு வருகிறார்கள். உலகமே அழிந்தாலும் பிள்ளையைக் கைவிடாத பெற்றோரைப் பற்றிப் பேச, இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

2016-இல் வந்த நம் ‘மிருதன்’ படத்தில், ஊட்டியில் ஜோம்பிகளாக மாறி மனிதரை மனிதர் கடித்துக் குதறுகிறார்கள். போக்குவரத்துக் காவலரான ஜெயம் ரவி தன் தங்கையைக் காக்க ஓடுகிறார். உறவில் அண்ணன்தான்; ஓடுகிற ஓட்டம் தகப்பனுடையது.

அதே ஆண்டு கொரியாவிலிருந்து வந்த ஜோம்பிப் படம் ‘டிரெயின் டு பூசான்’. ரயிலில் ஒரு பாட்டிக்கு எழுந்து இடம் கொடுக்கிறாள் சிறுமி. இந்த நேரத்தில் நம்மை மட்டும் பார்த்துக்கொள் என்று கண்டிக்கிறார் அப்பா. அதே அப்பா கடைசியில் கடிபட்டு, மகளை எஞ்சினில் விட்டுவிட்டு உயிரைத் தருகிறார். சுரங்கப் பாதை முடிவில் ராணுவத்தார் துப்பாக்கியோடு குறிபார்த்து நிற்கிறார்கள். இருட்டுக்குள்ளிருந்து சிறுமியின் பாட்டு கேட்கிறது; துப்பாக்கிகள் தாழ்கின்றன. அது அப்பாவுக்காக அவள் பழகிய பாட்டு!

‘தி ரோட்’ படத்திலும் அப்படித்தான். சாம்பல் மூடிய பூமியில் பசியோடு நடக்கிறார்கள் தகப்பனும் மகனும். வழியில் தென்பட்ட கிழவருக்குச் சோறு கொடுக்கலாம் என்று கெஞ்சுவது மகன்.

படம் இருக்கட்டும், 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கூவம் பெருகி நொளம்பூர்ப் பக்கம் தண்ணீர் ஏறிய நாள். இடுப்பளவு தண்ணீரில் மகளைத் தோளில் ஏற்றி வந்தார் ஒருவர். மேட்டுக்கு வந்ததும் நனையாமல் காத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். குழந்தை முதல் பிஸ்கட்டை, பக்கத்தில் நடுங்கி நின்ற ஒரு பாட்டிக்கு நீட்டியது. தகப்பன் தடுக்கவில்லை. நான் கண்ணால் கண்டேன்.

தாய்மார்களே, டிபன் பாக்ஸில் இருந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று உங்கள் பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள்; அணைத்துக்கொள்ளுங்கள். நாம் இல்லாத காலத்தில் அந்தப் பிள்ளைக்கு நாலு பேரைச் சேர்த்துத் தரப்போவது, இன்று கொடுத்துப் பழகிய அந்தக் கைதான்.