குலசாபம் அன்று, குலநோய்

(பொதுக்கூட்டம் ஒன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நோயைப் பற்றிப் பேசச் சட்டத்தரணிக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். சாட்சியத்தைத் திரட்டாதவன் வழக்கை இழப்பான். குடும்பத்தின் நோய் வரலாற்றைத் திரட்டாதவன் உயிரையே இழக்கக்கூடும். இதற்கு நியூசிலாந்து சான்று.

அந்நாட்டின் தவுரங்காப் பகுதியில் வாழும் மாவோரிக் குடும்பம் ஒன்றை இரைப்பைப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளைகொண்டது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் அது இரங்கவில்லை. சாபம் என்றனர் சிலர். அக்குடும்பத்தாரோ சோர்ந்திருக்கவில்லை. தம் வமிசவழியை வரிசைப்படுத்திக்கொண்டு, ஒத்தாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் கைகோத்தனர். சீடிஎச்1 என்னும் பரம்பரையலகின் பழுதே காரணம் என்பதைப் பரி கில்ஃபோர்ட் குழுவினர் 1998இல் வெளியிட்டனர். அந்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் குடும்பத்தினரின் பெயர்களும் உண்டு. ஆராயப்படும் பொருளாக அன்று, ஆராய்வோராகவே அவர்கள் நின்றனர்!

இப்பழுது தந்தையிடமோ தாயிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பழுதுடைய அனைவரும் நோயுறுவர் என்பதில்லை. ஆயினும் ஆபத்து பெரிது. பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது.

இந்நோய் கட்டியாகத் திரளாமல் இரைப்பையின் உட்தோலுக்கு அடியிற் சிதறிப் பரவுவது. ஆதலால் கமராக் குழாயை இறக்கிப் பல இடங்களிற் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் தப்பிவிடலாம். எனவேதான், பழுது உறுதியானோருக்கு இளமைப் பருவத்திலேயே இரைப்பை முழுவதையும் அகற்றும் சத்திரசிகிச்சையை வைத்தியர்கள் எடுத்துரைக்கின்றனர். அதனைத் தள்ளிப்போடுவோர் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். இரைப்பையின்றியும் வாழலாம்: சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணவேண்டும், பி12 உயிர்ச்சத்தை ஆயுள் முழுவதும் பெறவேண்டும்.

வீண் பீதி வேண்டாம். இரைப்பைப் புற்றுநோயில் பரம்பரையால் வருவது நூற்றுக்கு 1 முதல் 3 வரையே. ஆனால் ஒரே குடும்பத்தில் இருவர் மூவர், அதுவும் இளவயதில், இந்நோயால் மாண்டிருப்பின் வாளாவிருத்தல் தகாது.

விதைநெல்லின் குணமறிந்து விதைக்கும் உழவர்களே! சம்பந்தம் குலைந்துவிடும் என்றஞ்சி வீட்டு மரணங்களின் காரணத்தை மறைக்கிறோமே, அந்த மௌனம் நம் பிள்ளைகளைக் காக்குமா? பரிசோதிப்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை; வற்புறுத்த எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் உண்மையை அறிவது பிள்ளைகளின் பிறப்புரிமை. இறந்தோரின் வயதையும் நோயையும் இன்றே எழுதுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.