64 வயதில் வீடியோ கேம்: ஒரு கற்றுக்குட்டி சொல்வது

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தலைவர் என்னைக் கூப்பிட்டு "ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்றபோது தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வீடியோ கேம் என்றார். கிளப் ஹால் வைஃபையை மாலை 6 மணிக்கு மேல் நிறுத்திவிடலாம் என்ற தீர்மானம் இன்றைய அஜெண்டாவில் கடைசியாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், விளையாடிப் பார்த்த பெரியவர் யாராவது பேசட்டும் என்று கமிட்டியில் சொன்னார்களாம். தேடியதில் நான் ஒருவன்தான் அகப்பட்டேன் போலிருக்கிறது.

தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். போன வருடத்துக்கு முன்பு நான் ஆடிய ஒரே கேம், பழைய நோக்கியா போனில் பாம்பு. ஆகவே நான் சொல்வதை நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் 2024 ஜூலையில் ஆரம்பித்தது. மகன் குடும்பம் கனடாவில், டொராண்டோ பக்கத்தில் பிராம்ப்டனில் இருக்கிறது. பேரனுக்கு அப்போது பத்து வயது. லீவுக்கு வந்திருந்தான். இங்கே வெயில், கசகசப்பு, அவன் வயதுப் பிள்ளைகளோ தமிழில் வேகமாகப் பேசுகிறார்கள். அவன் என் போனை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். போனில் ஏதோ ஒரு இலவச கேம். அதில் புதையல் பெட்டிகள் வரும். 80 ரூபாய் கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். என் பின் நம்பர் அவனுக்குத் தெரியும். இளநீர் வாங்கி வர அனுப்பியபோது நானே சொன்னதுதான். மூன்று நாளில் 6,400 ரூபாய் போயிருந்தது.

நான் கத்தினேன். கத்தியது மட்டுமில்லை, ஒரு வார்த்தையும் சொன்னேன். "திருட்டுப் பயலே" என்றேன். அந்த வார்த்தை அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவிடம் போய் அர்த்தம் கேட்டிருக்கிறான். மகன் என்ன சொன்னானோ, அதற்குப் பிறகு பையன் என்னிடம் வரவில்லை. ஊருக்குப் போன மறுநாள் பார்த்தால் அவனுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச், அதாவது கையில் வைத்து ஆடும் அந்தச் சின்ன மெஷின், என் மேஜை டிராயரில் சார்ஜரோடு இருந்தது. மறந்துவிட்டுப் போனானா, வைத்துவிட்டுப் போனானா, இன்று வரை தெரியாது.

நான்கு மாதம் அதைத் தொடவில்லை. நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் வந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல் கரை ஏறிய பிறகும் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. இங்கே கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஜெனரேட்டர் டீசல் தீர்ந்துவிட்டது. மகனுக்குப் போன் போகவில்லை. அந்த இருட்டில் டிராயரில் மெழுகுவர்த்தி தேடும்போது கைக்கு இது அகப்பட்டது. பட்டனை அழுத்தினேன். பாதி சார்ஜ் இருந்தது.

திரையில் வரிசையாகப் படங்கள். ஒன்றில் புடவை கட்டிய ஒரு பெண், பக்கத்தில் 'வெண்பா' என்று ஆங்கில எழுத்தில். நான் தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் தொட்டேன்.

2023 ஜூலையில் வெளியான கேம் அது. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்று ஒரு சின்னக் குழு செய்தது. மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசு இதற்குத்தான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று ராத்திரி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 1980-களின் கடைசியில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம். மனைவி பெயர் வெண்பா, கணவர் பாவலன், பிறகு கவின் என்று ஒரு மகன். அவள் அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, பாதி எழுத்து அழிந்துவிட்டது. மீதியை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். கேம் என்றால் அதுதான். சுடுவது கிடையாது, குத்துவது கிடையாது. ரேடியோவைப் போட்டால் நம் சினிமாப் பாட்டு மாதிரியே பாட்டு வருகிறது.

முதல் சமையல் இட்லி. தட்டுகளை அடுக்க வேண்டும். நான் அடுக்கினேன், தப்பு. மறுபடியும் அடுக்கினேன், மறுபடியும் தப்பு. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, குழிக்கு மேல குழி வைக்கிறீங்க? மேல் தட்டு அமுக்கிடும். மாத்தி வைங்க" என்றாள். சரியாக வந்தது. கல்யாணமாகி 37 வருடம் இட்லி சாப்பிட்டிருக்கிறேன். தட்டை எப்படி அடுக்குவது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று ராத்திரி புட்டுக் குழாயும் அவள் சொல்லித்தான் செய்தேன். பிறகு மெஷினை அவளிடமே கொடுத்துவிட்டேன். இந்த வளாகத்திலேயே முதல் தடவையில் பிரியாணி வரைக்கும் போனவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கதையை முழுவதும் சொல்ல மாட்டேன், நீங்கள் ஆடிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும். மகன் வளர வளர வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே போகிறது. அம்மா ஒன்று கேட்கிறாள், அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்கிறான். அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வெளியே காற்று. என் மகன் வீட்டுச் சமையலறையை நான் நேரில் பார்த்ததில்லை, வீடியோ காலில் ஒரு மூலை தெரியும். அந்த மூலைக்குள் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இந்த கேமைப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று யோசித்தேன். என் மகனாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆமாம், கேம் முடிந்துவிட்டது! எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம். என் போனில் இருந்த கேம் முடியவே முடியாது. ஒரு நாள் திறக்காவிட்டால் "உங்கள் பரிசு காத்திருக்கிறது" என்று கூப்பிடும். இது முடிந்ததும், செய்தவர்கள் பெயரைக் காட்டிவிட்டு நம்மைத் தூங்க அனுப்பியது.

பிறகு ஆசை வந்துவிட்டது. மெஷினில் 'ராஜி' இருந்தது. புனேக்காரர்கள் செய்தது, 2020-இல் வந்தது. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகும் சர்க்கஸ் பெண். ராஜஸ்தான் கோட்டைகள் பார்க்கப் பிரமாதம். சண்டையில் என் விரல் ஒத்துழைக்கவில்லை, பாதியில் விட்டேன்.

'செல்டா' வேறு கதை. ஜப்பானில் 1986-இல் தொடங்கிய வரிசை. பையனிடம் இருந்தது 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்'. இதில் இடது கட்டை விரல் நடப்பதற்கு, வலது கட்டை விரல் திரும்பிப் பார்ப்பதற்கு. ஒரே நேரத்தில் இரண்டும். ஒரு வாரம் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். டிவிஎஸ் 50 ஓட்டக் கற்றுக்கொண்டபோதுகூட இவ்வளவு அடிபடவில்லை. ஆனால் பழகியதும் என்ன ஆகிறது என்றால், கிடக்கிற மரக்கட்டைகளை ஒட்டிப் பாலம் கட்டலாம், தெப்பம் கட்டலாம். இப்படித்தான் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. விசிறி வைத்து ஒரு தெப்பம் கட்டினேன். விசிறியைத் திருப்பி ஒட்டியிருக்கிறேன், தெப்பம் என்னையே பார்த்துக் கரைக்குத் திரும்பி வந்தது. மாடியிலிருந்து தண்ணீர் ஏன் 3-ஆம் பிளாக்குக்குப் போகவில்லை என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி யோசனை. மூன்று மாதம் ஆடினேன். இன்னும் முடிக்கவில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். 'பலாட்ரோ' என்று ஒன்று, 2024 பிப்ரவரியில் வந்தது. கனடாவில் ஒரே ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து செய்தது. சீட்டாட்டம். போக்கர் மாதிரி ஐந்து சீட்டு சேர்க்க வேண்டும், ஜோக்கர்கள் வந்து கணக்கையே மாற்றிவிடும். இதை நானே மகனிடம் கேட்டு வாங்கினேன். முதல் நாள் இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்து, நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டு. மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே சொல்ல முடியாது.

சீட்டு என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. நியாயமான பயம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களைப் பற்றி நம் மாநிலத்தில் எத்தனை செய்தி படித்தோம். 2022-இல் இங்கே சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கூடாது, 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது என்று விதி போட்டார்கள். ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களையே தடை செய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது.

பலாட்ரோவில் ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதோடு சரி. அதன் பிறகு ஒரு பைசா கேட்காது, கொடுக்கவும் கொடுக்காது. ஆனாலும் ஐரோப்பாவில் வயது வரம்பு தரும் பெகி அமைப்பு, சீட்டுப் படம் இருக்கிறது என்பதால் அதற்கு 18 என்று போட்டது. பிறகு 2025-இல் அதை 12 என்று குறைத்தார்கள். செய்தவரோ, இந்த கேமைச் சூதாட்டக் கம்பெனிகளுக்கு ஒருக்காலும் கொடுக்கக் கூடாது என்று உயிலே எழுதி வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பாருங்கள், சீட்டுப் படம் போட்ட பெட்டியில் சூது இல்லை. கார்ட்டூன் படம் போட்டு, 'இலவசம்' என்று எழுதி, என் பேரன் கையில் வந்த பெட்டியில் இருந்தது. அதில் போட்ட பணம் திரும்ப வராது என்பதால் ரம்மியைத் தேடும் நம் கண்ணில் அது படவே இல்லை. பெல்ஜியத்தில் 2018-லேயே இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரவு இரண்டு மணியை நான் நியாயப்படுத்தவில்லை. அது என் தப்பு. ஆனால் இரண்டு மணிக்கு அதை மூடி வைத்தேன், மறுநாள் அது என்னைக் கூப்பிடவில்லை.

அதனால் தீர்மானத்தைப் பற்றி என் அபிப்பிராயம். தென் கொரியாவில் 2011-இல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். நாம் ஹால் வைஃபையை நிறுத்தினால் பிள்ளைகள் அப்பா போன் டேட்டாவில் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆடுவார்கள். ஏற்கெனவே ஆடுகிறார்கள், பால்காரர் வரும் நேரத்தில் நான் பார்த்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த கேம் என்று கேளுங்கள். வாங்கி ஒரு அரை மணி நேரம் நீங்களே ஆடுங்கள். அது எங்கே காசு கேட்கிறது, எத்தனை தடவை கேட்கிறது, போனை மூடினால் விடுகிறதா என்று பாருங்கள். அரை மணியில் தெரிந்துவிடும். எனக்கு அது தெரிய 6,400 ரூபாயும் ஒரு கெட்ட வார்த்தையும் ஆனது. போனில் பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.

பேரன் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். பொங்கலன்று வீடியோ காலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், பேசவில்லை. நான் தமிழில், "அன்னைக்கு தாத்தா சொன்னது தப்பு. நீ திருடன் இல்லை. என்னை மன்னிச்சுடு" என்றேன். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. கொஞ்ச நேரம் கழித்து ஸ்விட்சைக் கையில் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க செல்டா ஆடுறீங்களா? எந்த இடம்?" என்றான். காட்டினேன். "அய்யோ, தாத்தா, ஃபேன் ரிவர்ஸ்ல இருக்கு" என்று சிரித்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நமக்கு எட்டு மணி என்றால் அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி. அந்த நேரத்தில் அரை மணி எனக்குப் பாடம் நடக்கிறது. 'ஒட்டு', 'திருப்பு', 'மேலே', 'விடாதீங்க' எல்லாம் தமிழில் வருகிறது. மெஷினைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மெஷினை ஹால் டிவியில் மாட்டப் போகிறேன். வெண்பாதான் போடுவோம். பிள்ளைகள் வரலாம், ஆனால் பெற்றோர் ஒருவராவது கூட வர வேண்டும், கண்ட்ரோலரை அவர்தான் பிடிக்க வேண்டும். இட்லித் தட்டு அடுக்கத் தெரியாத ஆண்கள் முன்வரிசையில் உட்காரவும். நாற்காலி போதாது, அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். செல்டாவில் தண்ணீர்க் கோயில் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.