காவல் ஏடும் நீதிமன்ற ஏடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சென்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அப்பணியின் பயனாக, இன்று நம் தெருக்களில் பட்டம் பெற்றோர் பலர் இருக்கின்றனர். ஆனால் பட்டம் பெற்றவர் பணியில் அமரும் வாயிலில் மற்றுமொரு தேர்வு காத்திருக்கிறது. அதற்குப் பாடநூல் இல்லை, வினாத்தாள் இல்லை. அதன் பெயர் காவல்துறைச் சரிபார்ப்பு. எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் வென்ற நம் பிள்ளைகள் இவ்வாயிலில் தடுக்கி விழுவதைக் காண்கிறோம். ஆகவே, குற்ற வழக்குகள் பற்றிய ஆவணங்கள் நம் மாநிலத்தில் எங்கே உள்ளன, அவற்றுள் பொதுமக்கள் பார்வையிடத்தக்கவை யாவை, அவற்றை எவ்வாறு பார்ப்பது என்பன பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒருவர் பெயரைச் சொன்னால் அவர்மீதுள்ள வழக்குகள் அனைத்தையும் எடுத்துக்காட்டும் ஒரே பொதுப் பதிவேடு தமிழ்நாட்டில் இல்லை. காவல் நிலையத்தில் ஓர் ஏடு. நீதிமன்றத்தில் ஓர் ஏடு. காவல்துறை தனக்கென வைத்துக்கொள்ளும் ஏடு வேறு. முதலிரண்டும் பெரும்பாலும் நாம் காணக்கூடியவை. மூன்றாவது, நாம் காண இயலாதது. ஆயினும் நம்மைக் கண்காணிப்பது.

காவல் நிலைய ஏட்டின் முதற் பக்கம் முதல் தகவல் அறிக்கை. இதனை மக்கள் எஃப்.ஐ.ஆர். என்றே வழங்குவர். புகார் கொடுத்தவுடன் நிலையத்தில் கொடுக்கப்படும் சி.எஸ்.ஆர். என்னும் மனு ஏற்புச் சீட்டு வேறு. முதல் தகவல் அறிக்கை வேறு. சீட்டு வாங்கியதும் வழக்குப் பதிவாகிவிட்டது என எண்ணி வீடு திரும்புவோர் பலர். வழக்குப் பதிவானால் அதற்குக் குற்ற எண்ணும் ஆண்டும் இருக்கும். அவ்விரண்டையும் காவல் நிலையத்தின் பெயரோடு குறித்துக்கொள்ள வேண்டும். அதுவே பிற ஏடுகளைத் திறக்கும் திறவுகோல்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, முதல் தகவல் அறிக்கையைப் பதிவான 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தொலைவு முதலிய இடர்ப்பாடு இருப்பின் 72 மணி நேரம் வரை பொறுக்கலாம். பாலியல் குற்றம், சிறார்க்கெதிரான பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை இதற்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, அறிக்கை எண் ஆகியவற்றைக் கொடுத்து அறிக்கையைப் பார்க்கலாம். புகார் கொடுத்தவர்க்கு நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது சட்டம். குற்றஞ்சாட்டப்பட்டவரும் தம் பெயர் அதில் உள்ளதென ஐயுற்றால், தாமோ தம் சார்பில் வேறொருவரோ மனுக் கொடுத்து 24 மணி நேரத்திற்குள் சான்றிட்ட நகல் பெறலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. கைது செய்யப்பட்டோரின் பெயரும் முகவரியும் குற்றத்தின் தன்மையும் காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் மக்கள் காண வைக்கப்பட வேண்டும் என்பதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. ஆகவே, நம் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை எனக் கலங்கி நிற்கும் பெற்றோர் அப்பலகையைக் காட்டும்படி கேட்கலாம், கேட்பது உரிமை.

அடுத்து நீதிமன்ற ஏடு. மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு நிலையை இ-கோர்ட்ஸ் என்னும் தேசிய இணையத்தளத்திலும் அதன் கைப்பேசிச் செயலியிலும் கட்டணமின்றிக் காணலாம். ஒவ்வொரு வழக்கிற்கும் சி.என்.ஆர். எனப்படும் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு. அது தெரியாவிடில், மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்து, காவல் நிலையமும் குற்ற எண்ணும் கொடுத்துத் தேடலாம். அதுவும் தெரியாவிடில் கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொண்டு தேடலாம். வழக்கு நிலுவையில் உள்ளதா, முடிந்ததா, அடுத்த வாய்தா எந்நாள் என்பன திரையில் தோன்றும்.

பெயரால் தேடுவதில் ஓர் இடர் உண்டு. நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுகின்றன. ஒரு மெய்யெழுத்து கூடினும் குறையினும் இயந்திரம் கண்டுபிடிக்காது. எனவே மூன்று நான்கு வகையாக எழுதிப் பார்க்க வேண்டும். அதே பெயரில் வேறொருவர் இருக்கவும் கூடும். தந்தை பெயரையும் ஊரையும் ஒப்பிடாமல் எந்த முடிவிற்கும் வரலாகாது. இணையத்தில் இல்லை என்பதனால் வழக்கே இல்லை என்றும் பொருளன்று. புலன் விசாரணையிலேயே நிற்கும் வழக்கு நீதிமன்றப் பட்டியலில் வந்திராது. பழைய வழக்குகள் தாள் கட்டுகளிலேயே கிடக்கலாம்.

நீதிமன்றச் சுருக்கெழுத்துகளையும் அறிந்துகொள்வது நலம். சி.சி. என்பது நடுவர் நீதிமன்ற வழக்கு. எஸ்.டி.சி. என்பது சிறு வழக்கு. எஸ்.சி. என்பது அமர்வு நீதிமன்ற வழக்கு. அவ்விரு எழுத்துகளைக் கண்டு நம் சாதிச் சான்றிதழை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை!

அந்தச் சிறு வழக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சீட்டாடியதாகவோ பொது இடத்தில் கூச்சலிட்டதாகவோ பிடித்துக்கொண்டுபோய், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று யாரேனும் சொல்வர். சில நூறு ரூபாயோடு தொல்லை தீர்ந்தது என இளைஞரும் கட்டிவிடுவார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்துவது சட்டத்தின் பார்வையில் தண்டனையே. கட்டிய பணம் மறந்துபோகும், ஏடு மறவாது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டுமெனில் அந்நீதிமன்றத்தில் நகல் மனுக் கொடுக்க வேண்டும். தீர்ப்பினால் பாதிக்கப்படுபவர் உரிய கட்டணம் செலுத்தி நகல் பெறச் சட்டம் இடமளிக்கிறது. சிறைத் தண்டனை பெற்றவர்க்கு முதல் நகல் இலவசம். குற்றப்பத்திரிகை நகலைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு இலவசமாகத் தர வேண்டும். ஆனால் அதனை ஊரார் அனைவரும் கேட்டுப் பெற இயலாது. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அன்று என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இனி, காண இயலாத மூன்றாம் ஏடு. காவல்துறை சிலர்மீது வரலாற்றுத் தாள் தொடங்கி நிலையத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு பிறப்பையே குற்றமாக எழுதிவைத்த நாடு இது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. நாடு முழுதும் அது விடுதலைக்குப் பின்னரே ஒழிந்தது. சட்டம் ஒழிந்தாலும் அந்த மனப்பான்மை ஒழிந்துவிடவில்லை. 2024 மே மாதத் தீர்ப்பொன்றில், வரலாற்றுத் தாள் காவல்துறையின் உள் ஆவணமேயன்றிப் பொதுமக்கட்குரியதன்று எனச் சொன்ன உச்ச நீதிமன்றம், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் பெயர்கள் பின்னணி ஒன்றையே கொண்டு அதில் ஏறிவிடலாகாது என்றும் எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கும்படியும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்விரு தீர்ப்புகளையும் நம் வழக்கறிஞர்களும் இளைஞர்களும் படித்தறிய வேண்டும்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்போர்க்கு, நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். நம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர். ஊர்த் திருவிழாவில் மூண்ட மோதலில் இரு தரப்பினர்மீதும் வழக்குப் பதிவாயிற்று. அறிக்கையில் சிலர் பெயரும் 'மேலும் பலர்' என்ற சொல்லும் இருந்தன. அந்த 'மேலும் பலரில்' ஒருவராகப் பின்னர் இவர் பெயரும் சேர்ந்தது. சாட்சிகள் பிறழ்ந்தனர், அனைவரும் விடுதலையாயினர். ஊர்ப் பெரியவர் கூட்டிச்சென்றபோது ஓரிரு முறை நீதிமன்ற வாசலில் நின்றதன்றி, அவ்வழக்கின் எண்ணைக்கூட இவர் அறியார். சில ஆண்டுகள் கழித்து அரசுப் பணி விண்ணப்பத்தில், வழக்கு ஏதேனும் உண்டா என்ற வினாவிற்கு 'இல்லை' என எழுதினார். தேர்வில் வென்றார், சரிபார்ப்பில் வீழ்ந்தார். வழக்கு அவரை வீழ்த்தவில்லை. 'இல்லை' என்ற சொல்லே வீழ்த்தியது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? 2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென நெறிமுறைகள் வகுத்தது. தண்டனையோ விடுதலையோ கைதோ நிலுவை வழக்கோ, கேட்கப்பட்டதற்கு உண்மையை எழுத வேண்டும். இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கானால், மறைத்திருப்பினும் பணி வழங்குவோர் அதனைப் பொறுத்தருளலாம். உண்மையைச் சொன்னதனாலேயே பணி உறுதி என்பதுமில்லை. காவல்துறைப் பணிக்குரிய விதியோ மேலும் கடுமையானது: சந்தேகத்தின் பலனாலோ புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இவ்விதியை ஏற்றுக்கொண்டது. ஆகவே விடுதலைத் தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கும் காரணச் சொற்கள் முக்கியமானவை. தீர்ப்பு நகலை வாங்கிப் படிக்காமல் விண்ணப்பத்தை நிரப்பலாகாது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். தண்டனை உண்டா என்று கேட்பதும், வழக்கு இருந்ததா என்று கேட்பதும் ஒன்றன்று.

பதினெட்டு வயது நிறையாதவர்க்குச் சட்டம் தனிக் காப்பு அளித்துள்ளது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் செய்த குற்றத்தால் பிற்காலத்தில் தகுதியிழப்பு நேராது. முடிந்த வழக்கின் விவரத்தை நற்சான்றுக்காகக் காவல்துறை வெளியிடவும் கூடாது. கொடுங்குற்றத்திற்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டவர்க்கு மட்டும் தகுதியிழப்பு விலக்கு இல்லை. மோதல் நாளன்று பிள்ளையின் வயது என்ன என்பதற்குப் பள்ளிச் சான்றிதழ் துணை நிற்கும். அதனைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குற்றஞ்சாட்டப்பட்டோர் பக்கமே பேசிவிட்டோம். வன்கொடுமைக்கு ஆளாவோர் பக்கம் சொல்ல வேண்டியது இன்னும் மிகுதி. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின், ஒப்பமிடுவதற்கு முன் படித்துக்காட்ட வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணையை முடித்து அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு அலுவலர் இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தால் அதுவே குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, எதிரி பிணை கேட்கும்போது பாதிக்கப்பட்டவர்க்கு அறிவிப்புத் தரவும் அவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். நம் வழக்கு எந்நாள் வருகிறது என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் நாமே பார்த்துக்கொண்டு, அந்நாளில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். நாம் இல்லாத அவையில் நம் வழக்கு மெலியும்.

முழுமையாகப் பொதுவில் வைக்கப்படும் குற்ற விவரம் ஒன்று உண்டு. அது தேர்தல் வேட்பாளருடையது. சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ போட்டியிடுவோர் தம்மீதுள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். 2018ஆம் ஆண்டின் தீர்ப்பின்படி நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அதனை எவரும் படிக்கலாம். வாக்களிக்குமுன் படிப்போம்.

இந்த அறிவைக் கொண்டு பிறரைத் தூற்றவோ திருமணத்தைக் கலைக்கவோ ஒருபோதும் முனைதல் கூடாது. பாலியல் குற்றத்திற்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். விடுதலையானவரின் பெயர் இணையத்தில் என்றென்றும் கிடக்க வேண்டுமா என்பதும் இன்று நீதிமன்றங்களை எதிர்கொள்ளும் வினா. 2024 பிப்ரவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஒருவரின் பெயரை நீக்க ஆணையிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது.

1927இல் மகாத் குளத்து நீரைத் தொட்ட அண்ணல் அம்பேத்கர், அதற்கெதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கைப் பத்தாண்டு ஏடுகளோடு போராடி 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வென்றார். குளக்கரையில் காட்டிய துணிவிற்குச் சற்றும் குறைந்ததன்று அந்தப் பத்தாண்டுப் பொறுமை.

ஆகவே நம் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, இரவுப் பாடசாலை மாணவர்க்கு, ஆண்டில் ஒரு நாளேனும் இத்தளங்களைத் திறந்து காட்டிப் பயிற்சி தருக. இரண்டு, ஒவ்வொரு வீட்டிலும் சாதிச் சான்றும் மதிப்பெண் சான்றும் வைக்கும் பெட்டியில், வழக்கு எண்ணும் தீர்ப்பு நகலும் இடம்பெறச் செய்க. மூன்று, விண்ணப்பம் நிரப்பும் இளைஞர்க்கு வழக்கறிஞர் ஒருவரின் அறிவுரை கிடைக்க வழி செய்க. பட்டியல் சாதியினர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

பிறர் எழுதிய ஏட்டில் நம் பெயர் என்னவாக இருக்கிறது என்று தெரியாமலே நம் முன்னோர் வாழ்ந்தனர். எழுத்தறிந்த நாம் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் படிப்போம். பிழையிருப்பின் சட்டத்தின் வழியே திருத்துவோம்.