கோட்டுக்குப் பொறுப்பேற்கிறவர்கள்

இன்று பட்டயம் பெறும் தம்பி தங்கையரே,

நீங்கள் படித்து முடித்திருக்கும் ஆர்க்கிடெக்சுரல் அசிஸ்டன்ட்ஷிப் படிப்புக்கு நம் நாட்டில் வேலை உண்டு. ஆனால் அந்த வேலைக்குச் சட்டம் காக்கும் பெயர் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அது நியாயம். ஆனால் அவர் மனத்தில் கண்டதைக் கொத்தனார் கட்டக்கூடிய படமாக மாற்றுகிறவர் யார்? ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உட்கார்ந்து யோசிக்கிறவர் யார்? அவரை அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் என்று கூப்பிட்டுவிட்டு எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1958இல் ஆக்ஸ்ஃபர்டில் கட்டடக்கலைக் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. அலுவலகத்தில் ஒருவரிடம் தொழில் பழகி ஆர்க்கிடெக்ட் ஆவது இனிப் போதாது, பல்கலைக்கழகத் தரத்தில் படித்து வரவேண்டும் என்ற திசையை அது காட்டியது. அப்படியானால் தொழில்நுட்ப வேலையைச் செய்கிறவர்களுக்கும் தனிப் படிப்பும் தனி அமைப்பும் வேண்டுமல்லவா? 1965இல் அவர்களுக்கென ஒரு சங்கம் பிறந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், அது அரச சாசனம் பெற்றுச் சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்க்கிடெக்சுரல் டெக்னாலஜிஸ்ட்ஸ் ஆனது. அதில் முழுத் தகுதி பெற்றவர் தம் பெயருக்குப் பின்னால் எம்.சி.ஐ.ஏ.டி. என்று போட்டுக்கொள்கிறார். நாற்பது ஆண்டு என்பது சின்னக் காலமில்லை. சங்கம் தொடங்கியபோது வரைபலகையின் முன் நின்றவர்களில் பலர், சாசனம் வந்தபோது ஓய்வு பெற்றிருப்பார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தனித் தகுதி ஏன் வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் ரோனன் பாயின்ட்டைத்தான் சொல்வேன். கிழக்கு லண்டனில் 22 மாடிக் குடியிருப்பு. 1968 மே 16 அன்று காலை 18ஆம் மாடியில் சமையல் வாயு வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல. ஆனால் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதும், மேலிருந்து கீழ்வரை கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த அந்தப் பலகைகள் ஒவ்வொன்றும் நல்ல பலகைதான். ஒன்றோடொன்று சேரும் இடம்தான் பிடிமானம் இல்லாமல் இருந்தது. 1986இல் அந்தக் கட்டடத்தை மாடி மாடியாகப் பிரித்தபோது, கான்கிரீட் நிறைந்திருக்க வேண்டிய இணைப்புகளில் செய்தித்தாள் அடைத்திருந்ததைப் பார்த்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 2017 ஜூன் 14 அன்று, அதே நகரத்தில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். நான்காம் மாடியில் ஒரு சமையலறையில் பற்றிய தீ, ஜன்னல் ஓரமாக வெளியேறி, பாலிஎதிலீன் உள்ளடக்கிய அலுமினியப் பலகைகளுக்குள் புகுந்து உச்சிவரை ஏறியது. ஜன்னலைச் சுற்றி, தீயை மறிக்கும் தடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை. அந்த ஓரம் படத்தில் ஒரு விரற்கடை அகலம்கூட வராது. அதை வரைவதுதான், தம்பிகளே, நம் வேலை.

அதன் பிறகு 2022இல் அங்கே கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வடிவமைப்பில் கைவைக்கிறவர் தகுதி உள்ளவர்தானா என்று கேட்பது இன்று சட்டத்தின் வேலையாகிவிட்டது. நான் சொன்ன இன்ஸ்டிடியூட்டில் உறுப்பினராவதற்கான தேர்வும் அதைத்தான் துருவுகிறது. நீங்கள் செய்த வேலையை எழுத்தில் வைக்கவேண்டும். எத்தனை படம் வரைந்தீர்கள் என்பது பொருட்டில்லை. இந்தப் பொருளை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எதை ஒதுக்கினீர்கள், விதி என்ன சொன்னது, ஒப்பந்தக்காரர் மாற்றுப் பொருள் கேட்டபோது என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். பிறகு நேர்காணல். உறுப்பினரான பின்னும் ஆண்டுக்குக் குறைந்தது 35 மணி நேரம் படித்ததற்குக் கணக்குக் காட்டவேண்டும். சொந்தமாகத் தொழில் செய்தால் காப்பீடு கட்டாயம். பட்டப்படிப்பு இல்லாமல் அனுபவத்தால் வளர்ந்தவருக்கும் அங்கே வாசல் உண்டு. எனக்கு அந்த அமைப்பின் மேல் மரியாதை வந்தது முக்கியமாக அதனால்தான்.

இது உங்களுக்கு எட்டாத தூரத்துச் செய்தி அல்ல. பிரிட்டனில் எழும் கட்டடங்கள் பலவற்றின் ரெவிட் கணினி மாடல் சென்னை அலுவலகங்களில் உருவாகிறது. உங்களில் சிலர் அடுத்த மாதமே அப்படி ஓர் இருக்கையில் உட்காரப்போகிறீர்கள். மான்செஸ்டரில் யாரோ ஒருவர் தூங்கப்போகும் அறையின் சுவரை நீங்கள் இங்கே வரைவீர்கள். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு, எந்த டீடெய்லை ஏன் மாற்றினீர்கள், யார் சரிபார்த்தார் என்று எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழித்து உறுப்பினர் தகுதிக்கு விண்ணப்பிக்கும்போது நினைவிலிருந்து எதையும் எடுக்க முடியாது. ஆர்க்கிடெக்ட்டாகவே ஆகவேண்டும் என்பவர்கள் நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி பி.ஆர்க். சேருங்கள், நல்லது. ஆனால் இந்த வேலையிலேயே மனம் தோய்ந்தவர்கள், இதை ஏதோ பாதியில் நின்றுபோன படிப்பாக நினைக்கவேண்டாம். 1965இல் பிரிட்டனில் கூடியவர்களைப் போல நீங்களும் கூடுங்கள். பாலிடெக்னிக் முடித்தவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். ஒரு சங்கம், ஒரு நடத்தை விதி, ஒரு தேர்வு என்று தொடங்கலாம். சட்டம் பிறகு வரட்டும்.

வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனத்தார் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். படத்தின் டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் இரண்டு எழுத்தைப் போடாமல், இவர்களின் முழுப்பெயரைப் போடுங்கள். இவர்கள் வரைந்த ஜன்னல் சுவரில் பொருத்தப்படும் அன்று, கணினியை அணைக்கச் சொல்லி, சைட்டுக்கு அழைத்துப் போங்கள். அந்த நாளின் சம்பளத்தையும் பிடிக்காதீர்கள்.